சின்னக் குழந்தைகளை ஹாலோவீனுக்கு வீடு வீடாகக் கூட்டிப் போகலாமா?

கேள்வி, 2024 அக்டோபர் 9

நியூ ஜெர்சிக்குக் குடிவந்து இதுதான் முதல் வருடம். பிள்ளைகளுக்கு ஐந்து வயது, இரண்டு வயது. ஹாலோவீன் அன்று பிள்ளைகள் வேஷம் போட்டுக்கொண்டு, முன்பின் தெரியாத வீட்டுக் கதவைத் தட்டி மிட்டாய் கேட்பது எனக்குச் சரியாகப் படவில்லை. மிட்டாயில் ஊசி வைத்திருப்பார்கள், விஷம் கலந்திருப்பார்கள் என்று ஊரிலிருந்து வாட்ஸ்ஆப்பில் வேறு வந்துகொண்டே இருக்கிறது. போதாததற்கு இந்த வருடம் தீபாவளியும் அதே அக்டோபர் 31. பேசாமல் வீட்டிலேயே இருந்துவிட்டால் என்ன?

பதில், 2024 அக்டோபர் 9, இரவு

இருந்துவிடலாம், குடி ஒன்றும் முழுகிவிடாது. வாசல் விளக்கை அணைத்துவிட்டு உள்ளே உட்காருங்கள், ஒருவரும் தட்ட மாட்டார்கள். விளக்கு எரிந்தால் வரலாம், எரியாவிட்டால் தாண்டிப் போய்விட வேண்டும். சின்னப் பிள்ளைகள்கூட அதை மீறி நான் பார்த்ததில்லை. ஆனால் ஐந்து வயதுப் பிள்ளை இருக்கிறது என்கிறீர்களே, மறுநாள் பள்ளியில் வேறு பேச்சே இருக்காது, அதை மட்டும் யோசித்துக்கொள்ளுங்கள். விஷ மிட்டாய் பற்றி நாளைக்கு எழுதுகிறேன், சின்னவள் எழுந்துவிட்டாள்.

2024 அக்டோபர் 10

டெலவேர் பல்கலைக்கழகத்தில் ஜோயல் பெஸ்ட் என்று ஒரு சமூகவியல் பேராசிரியர். 1958-இலிருந்து வந்த பத்திரிகைச் செய்திகளை உட்கார்ந்து துருவிப் பார்த்தவர். வாசலுக்கு வந்த குழந்தைக்கு யாரோ ஒரு அந்நியர் விஷம் கொடுத்துக் கொன்றார் என்று உறுதியான சம்பவம் ஒன்றுகூட அவருக்குக் கிடைக்கவில்லை. நிஜமாக நடந்த கொடுமை 1974-இல், டெக்சாஸில். ரொனால்ட் ஓ'பிரையன் என்பவர் காப்பீட்டுப் பணத்துக்காகத் தன் எட்டு வயது மகனுக்கே மிட்டாய்த் தூளில் சயனைடு கலந்து கொடுத்தார். 1984-இல் அவருக்கு மரண தண்டனை நிறைவேற்றினார்கள். ஆக, கொடுத்தது தெருக்காரர் இல்லை, பெற்ற அப்பன்.

1982-இல் சிகாகோ பக்கம் டைலெனால் என்ற வலி மாத்திரையில் யாரோ சயனைடு வைத்து ஏழு பேர் இறந்தார்கள். அது செப்டம்பர் கடைசியில் நடந்தது, ஹாலோவீனுக்கு ஒரு மாதம்தான் இடைவெளி. பயம் அப்படியே மிட்டாய்க்குத் தாவிவிட்டது. அந்தக் காலத்தில் சில மருத்துவமனைகள் குழந்தைகளின் மிட்டாய்ப் பையை எக்ஸ்ரே எடுத்துக்கூடக் கொடுத்திருக்கின்றன. உங்களுக்கு வரும் வாட்ஸ்ஆப் செய்தி அதன் பேரப்பிள்ளை.

அதே நாள், மதியம்

பயப்பட வேண்டிய இடம் வேறு. ரோடு. கனடா ஆராய்ச்சியாளர்கள் 1975 முதல் 2016 வரை அமெரிக்காவில் ஹாலோவீன் மாலைகளில் வாகனம் மோதி இறந்த பாதசாரிகளைக் கணக்கெடுத்து, ஒரு வாரம் முன்னும் பின்னும் வரும் அதே கிழமை மாலையோடு ஒப்பிட்டார்கள். ஜாமா பீடியாட்ரிக்ஸ் என்ற குழந்தை மருத்துவ இதழில் வந்தது. மொத்தத்தில் ஆபத்து 43 சதவீதம் கூடுதல். நான்கு முதல் எட்டு வயதுக் குழந்தைகளுக்கு மட்டும் பார்த்தால் பத்து மடங்கு.

ஊசிக்குப் பயந்து ஒவ்வொரு சாக்லேட்டையும் விளக்கில் தூக்கிப் பார்க்கிற அப்பாக்கள், பிள்ளை இரண்டு காருக்கு நடுவே புகுந்து எதிர்ச்சாரிக்கு ஓடும்போது ஃபோனில் படம் எடுத்துக்கொண்டிருக்கிறார்கள். எங்கள் தெருவிலேயே பார்க்கிறேன்.

நாங்கள் செய்வது: ஒரு பக்கத்து வீடுகளை முழுதாக முடித்துவிட்டு, முனையில் ஒரே முறை கடப்பது, திரும்பி வருகையில் மறுபக்கம். தைத்தது மாதிரி இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாகப் போகவே கூடாது. எதிரே எவ்வளவு பெரிய பேய் வீடு கூப்பிட்டாலும் சரி.

2024 அக்டோபர் 12

'அப்படியானால் மிட்டாயைப் பார்க்கவே வேண்டாமா' என்று ஒருவர் கேட்டிருக்கிறார். பார்க்கணும், காரணம்தான் வேறு. நான்கு வயதுக்குக் கீழே உருண்டையான கெட்டி மிட்டாய், முழு வேர்க்கடலை இரண்டும் தொண்டையில் சிக்கும். இரண்டு வயதுப் பிள்ளையின் பையில் விழுந்ததில் பாதிக்கு மேல் உங்கள் வாய்க்குத்தான் போகும், தயாராக இருங்கள்.

அடுத்தது ஒவ்வாமை. ஸ்னிக்கர்ஸ், ரீஸஸ் இரண்டிலும் வேர்க்கடலை இருப்பது தெரிந்ததே. சாதா எம் அண்ட் எம் உறையிலும் வேர்க்கடலை இருக்கலாம் என்று போட்டிருக்கும், படியுங்கள். பெரியவனின் சிநேகிதன் ஒருவனுக்கு முந்திரி பட்டாலே உதடு வீங்கும், அதனால் நாங்கள் வாசலில் நீலப்பச்சை நிறப் பூசணி ஒன்று வைக்கிறோம். டென்னஸியில் ஒரு ஒவ்வாமைக் குழு தொடங்கிய வழக்கம், 2014-இலிருந்து நாடு முழுக்கப் பரவியது. அந்த நிறத்தில் பூசணி இருந்தால் இந்த வீட்டில் சாப்பிடாத பொருளும் கிடைக்கும் என்று அர்த்தம். பென்சில், ஸ்டிக்கர், இருட்டில் ஒளிரும் வளையல். மற்ற பிள்ளைகளும் அதைத்தான் கேட்கிறார்கள். சாக்லேட் எல்லா வீட்டிலும் இருக்கிறது, வளையல் இங்கே மட்டும்தானே.

சைவக்காரர்களுக்கு: பிசுபிசுவென்று இழுபடும் கம்மி வகைகளில் பெரும்பாலும் ஜெலட்டின், அது மாட்டுத் தோல், எலும்பு மாதிரியானவற்றிலிருந்து எடுப்பது. ஸ்டார்பர்ஸ்டிலும் உண்டு. ஸ்கிட்டில்ஸில் முன்பு இருந்தது, இப்போது இல்லை. ஸ்மார்ட்டீஸ் பிரச்சினை இல்லாதது, அது இங்கேயே யூனியன் என்ற ஊரில் செய்வது. எம் அண்ட் எம்கூட 1941-இல் நம் நியூவர்க்கில் பிறந்ததுதான். இதெல்லாம் தெரிந்து என்ன ஆகப்போகிறது என்று என் மனைவி கேட்கிறாள்.

2024 அக்டோபர் 13

வேஷம். நிறையப் பேர் கேட்டதால் எழுதுகிறேன், இல்லாவிட்டால் இதைக் கிளறியிருக்க மாட்டேன்.

போன வருடம் பெரியவன் குப்பை லாரியாகத்தான் போவேன் என்று ஒற்றைக்காலில் நின்றான். சூப்பர்மேன், ஸ்பைடர்மேன் எதைக் காட்டினாலும் வேண்டாம். வியாழக்கிழமை காலையில் வரும் குப்பை லாரியை ஜன்னலில் மூக்கை ஒட்டிக்கொண்டு பார்க்கிறவன், அவனுக்கு அதுதான் ஹீரோ. டயப்பர் அட்டைப்பெட்டியை வெட்டி, பச்சை பெயிண்ட் அடித்து, பின்பக்கம் திறந்து மூடுகிற மாதிரி மூடி வைத்து, காகிதத் தட்டைச் சக்கரமாக ஒட்டி, தோளில் இரண்டு நாடா கட்டித் தொங்கவிட்டோம். மிட்டாயை நேராகப் பின்பக்கத்தில் போடச் சொன்னான். ஒவ்வொரு வீட்டிலும் திரும்பி நின்று முதுகைக் காட்டி, வாயால் 'பீப் பீப் பீப்' என்று ரிவர்ஸ் சத்தம். தெருவே சிரித்தது.

கஷ்டம் என்னவென்றால் பெட்டி அகலத்தால் அவனுக்குத் தன் பாதம் தெரியவில்லை. படி ஏறும்போதெல்லாம் நான் பெட்டியைப் பின்னாலிருந்து தூக்கிப் பிடிக்க வேண்டியிருந்தது. ஆகவே: குழந்தை குனிந்தால் தன் காலைப் பார்க்க முடிகிறதா, கைப்பிடிக் கம்பியைப் பிடிக்க முடிகிறதா, இரண்டையும் வீட்டிலேயே சோதித்துவிடுங்கள். முகமூடி வேண்டாம், மூச்சும் பார்வையும் போய்விடும். கறுப்பு உடை என்றால் முதுகில் ஒளி மின்னும் டேப் ஒட்டுங்கள். அக்டோபர் 31-இல் இங்கே ஆறு மணிக்குச் சற்று முன்பே சூரியன் இறங்கிவிடுகிறது.

கடையில் வாங்குவதானால் ஒரு சைஸ் பெரிதாக. உள்ளே ஸ்வெட்டர் போடணும். வேஷத்துக்கு மேல் கோட்டு போட்டால் பிள்ளை அழும், அதன் நியாயம் அதற்கு.

2024 அக்டோபர் 15

'பிச்சை எடுப்பதுபோல் இருக்கிறது' என்று இன்னொருவர் எழுதியிருக்கிறார். எங்கள் அம்மா கும்பகோணத்திலிருந்து வந்திருக்கிறார், ஆறு மாதம் இருப்பார். அவரும் இதையேதான் சொன்னார். "ஏண்டா, நமக்கு இல்லாத சாக்லேட்டா? பிள்ளையக் கையேந்த விடுறியே?" நான் பதில் சொல்லவில்லை, சொல்லி ஜெயித்ததும் இல்லை. மறுநாள் பாத்திரம் துலக்கிக்கொண்டே அவரே ஆரம்பித்தார். "நவராத்திரிக்கு உனக்குக் கிருஷ்ணன் வேஷம் போட்டு, உன் தங்கச்சிக்குப் பாவாடை கட்டி, கையில டப்பாவோட நானேதானே கொலு வீடெல்லாம் அனுப்பினேன்? மூணாவது வீட்டுச் சுண்டல் உப்புன்னு வந்து சொல்லுவியே." அத்தோடு விட்டாரா என்றால் இல்லை. "ஆனா அங்க ஒரு பாட்டாவது பாடணும். இங்க சும்மா வந்து நின்னா போதும்போல."

எனக்கு அதற்கு மேல் சேர்க்க ஒன்றும் இல்லை. கேட்பவனைவிடக் கொடுக்கிறவருக்குத்தான் இங்கேயும் ஆசை அதிகம். பிள்ளைகள் வராத வீட்டில் பெரிய கிண்ணத்தோடு காத்திருக்கிற வயதானவர்களைப் பார்த்தால் தெரியும். எங்கள் தெருக்கோடி வீட்டுப் பெரியவர் ஏழு மணிக்கே வெளியே வந்து, வருகிறார்களா என்று எட்டிப் பார்க்க ஆரம்பித்துவிடுவார்.

2024 அக்டோபர் 20

கிளை விஷயம், பொறுத்துக்கொள்ளுங்கள். ஹாலோவீனுக்கு வாசலில் வைக்க, முகம் செதுக்கலாம் என்று வாங்கிய பரங்கியை அம்மா கூட்டு வைத்துவிட்டார். பெரியவன் பள்ளியிலிருந்து வந்து தேடினால் அது குக்கரில். செதுக்குவதற்கென்று விற்கும் பெரிய பரங்கி நார் நாராக, சவசவவென்று இருக்கும், நீர் விட்டுக்கொண்டு ருசியே வராது. சமைக்கணும் என்றால் சின்னதாக, கையடக்கமாக, 'பை' (pie) என்கிற இனிப்புப் பண்டம் செய்வதற்கென்று ஒரு ரகம் விற்கிறார்கள், அது தித்திப்பு. பெரியதில் விதை மட்டும் எடுத்துக் கழுவிக் காயவைத்து, உப்பும் மிளகாய்த்தூளும் போட்டு ஓவனில் வறுங்கள். அதற்காகவே வாங்கலாம்.

செதுக்கினால் கடைசி நேரத்தில் செதுக்குங்கள். இந்த வெயிலில் மூன்று நாளில் வாய் உள்ளே மடிந்து கிழவன் முகமாகிவிடும். மிச்சத்தை அணில் பார்த்துக்கொள்ளும்.

2024 அக்டோபர் 24

பயமுறுத்தும் வீடுகள் பற்றிக் கேள்வி. ஹோம் டிப்போ கடையின் 12 அடி எலும்புக்கூடு பொம்மை 2020-இல் 299 டாலருக்கு வந்தது, இப்போது எங்கள் பக்கம் தெருவுக்குத் தெரு நிற்கிறது. பகல் வெளிச்சத்தில் முன்பே ஒரு முறை நடந்து காட்டுங்கள். அங்கே ஒயர் போகிறது பார், இது பிளாஸ்டிக், தொட்டுப் பார் என்று. இதில் எனக்கே ஒரு சந்தேகம் உண்டு: பெரியவனுக்கு இது வேலை செய்தது, சின்னவளுக்குச் செய்யவில்லை. பகலில் எலும்புக்கூட்டுக்கு டாட்டா காட்டிவிட்டு இரவில் அதே வீட்டைக் கண்டதும் என் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். ஆள் நடந்தால் சிரிக்கிற சூனியக்காரி பொம்மைதான் மோசம். குழந்தை சரியாக அதன் முன்னால் வந்ததும் கத்துகிறது. வேண்டாம் என்று பிள்ளை சொன்னால் அந்த வீட்டைத் தாண்டிப் போங்கள். 'பயப்படாதே, போ போ' என்று முதுகில் தள்ளாதீர்கள். போகாவிட்டால் போகிறது, ஒரு கிட்கேட்தானே.

2024 அக்டோபர் 30

இன்று ராத்திரி காரை உள்ளே நிறுத்துங்கள். அக்டோபர் 30 நியூ ஜெர்சியில் குறும்பு ராத்திரி. விடலைப் பையன்கள் மரத்தில் டாய்லெட் பேப்பர் சுற்றுவது, கார் மேல் முட்டை அடிப்பது. முட்டையை உடனே கழுவாவிட்டால் பெயிண்ட் போய்விடும்.

நாளைய திட்டம் கேட்டிருந்தீர்கள். காலையில் எண்ணெய்க் குளியல், புதுத்துணி, அம்மாவின் லேகியம், அப்புறம் பள்ளி. எங்கள் ஊர்ப் பள்ளிக்கு விடுமுறை இல்லை. நியூயார்க் நகரப் பள்ளிகளுக்கு முதல் தடவையாக நாளை மறுநாள், நவம்பர் 1, தீபாவளி விடுமுறை, கொடுத்து வைத்தவர்கள். மாலை ஐந்தரைக்குக் கிளம்பி ஆறரைக்குத் திரும்புகிறோம். இரண்டு மூன்று வயதுக்கு ஒரு மணி நேரமே அதிகம். மத்தாப்பு இந்த வருடம் கிடையாது. கம்பி மத்தாப்பு 2017-இலிருந்து இங்கே சட்டப்படி சரிதான், ஆனால் இந்த மாதம் மழையே இல்லை, மாநிலம் முழுக்கக் காட்டுத்தீ எச்சரிக்கை. காய்ந்த இலை கணுக்கால் வரை கிடக்கிறது. அகல் விளக்குக்குப் பதில் பேட்டரி விளக்கு. அம்மாவுக்கு அதில் கோபம்.

2024 நவம்பர் 1

சைஸ் பெரிதாக வாங்கி ஸ்வெட்டர் போடச் சொன்னேனே, அதை இந்த வருடத்துக்கு அடித்துவிடுங்கள். நேற்று கோடை மாதிரி வெயில். சின்னவளின் தேனீ வேஷம் முழுக்கப் பஞ்சு, இரண்டாவது வீட்டுக்குள் வியர்த்து ஊற்றி, இறக்கையை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதைக் கழற்றினோம். உள்ளே காலையில் போட்ட பட்டுப்பாவாடை. பட்டுப்பாவாடையில் ஒரு தேனீ. கேட்டவர்களுக்கெல்லாம் தீபாவளித் தேனீ என்று சொன்னேன்.

முதல் வீட்டில் நடந்ததைச் சொல்லியே ஆகணும். கதவு திறந்தது, அந்த அம்மா கிண்ணத்தை நீட்டினார். இவள் கிண்ணத்தைப் பார்க்கவே இல்லை. வாசல் மிதியடியில் உட்கார்ந்து ஷூவின் ஒட்டுப்பட்டையைப் பர்ரென்று பிரித்து, இரண்டு ஷூவையும் கழற்றி ஓரமாகச் சேர்த்து வைத்துவிட்டு, அந்த அம்மாவின் கால் பக்கமாகப் புகுந்து வீட்டுக்குள் போய்விட்டாள். வீட்டுக்கு வந்திருக்கிறோம், உள்ளே போகணும், அவ்வளவுதான் அவளுக்குத் தெரிந்தது. நான் வெளியே நின்று 'ஸாரி, ஸாரி' என்கிறேன். உள்ளே அவர்கள் நாயோடு இவள் பேசிக்கொண்டிருக்கிறாள். அடுத்த வீட்டிலும் ஷூவைக் கழற்ற உட்கார்ந்தாள். அப்புறம் தூக்கியே வைத்துக்கொண்டேன்.

கேள்வி கேட்டவருக்கு நான் முக்கியமாகச் சொல்ல வருவது இதற்கு அப்புறம் நடந்தது. ஆறே காலுக்கெல்லாம் அவள் வீட்டுக்குப் போகலாம் என்றாள். பெரியவனை மனைவியோடு அனுப்பிவிட்டு, இவளை வாசற்படியில் அம்மா பக்கத்தில் உட்கார வைத்தேன், மடியில் மிட்டாய்க் கிண்ணம். வருகிற ஒவ்வொருவருக்கும் இவள் எடுத்துக் கொடுத்தாள். இரண்டு கொடுத்தவள், பிறகு கைநிறைய. அம்மா தட்டில் முறுக்கும் மைசூர்பாகும் வைத்திருந்தார். பிள்ளைகளுக்குக் கொடுக்கக் கூடாது, உறை போடாததை எந்தப் பெற்றோரும் வாங்க மாட்டார்கள் என்று முன்பே சொல்லிவைத்திருந்தேன். ஆனால் பின்னால் நிற்கிற அப்பா அம்மாக்களுக்குத் தாராளமாக நீட்டினார், ஹேப்பி தீபாவளி, ஹேப்பி தீபாவளி என்று. கடலை ஒவ்வாமை உண்டா என்று ஒருவரிடம் என்னைக் கேட்கச் சொன்னார், இந்தக் கேள்வி பதிலை நான் அவருக்குப் படித்துக் காட்டியதன் பலன். முறுக்கு எட்டு மணிக்குள் காலி. வாங்கப் போன ஒரு மணி நேரத்தைவிட, கொடுக்க உட்கார்ந்த நேரத்தில்தான் சின்னவள் சந்தோஷமாக இருந்தாள். இரண்டு வயதுப் பிள்ளைக்கு நாலைந்து வீடு போதும். அதுவும் தெரிந்த வீடுகள். அப்புறம் வாசலில் உட்கார வைத்துவிடுங்கள்.

2024 நவம்பர் 3

குளிர்காலத்துக்காகக் கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் தள்ளிய அசதியில் எழுதுகிறேன், குழந்தைகளுக்கு அது தெரியாது, ஐந்து மணிக்கே எழுந்துவிட்டார்கள்.

'மீசை முளைத்த பையன்கள் வேஷமே போடாமல் பையை நீட்டுகிறார்கள், கொடுக்கணுமா' என்று கோபமாக ஒருவர் கேட்டிருக்கிறார். வர்ஜீனியாவில் செசபீக் நகரத்தில் 12 வயதைத் தாண்டியவர்கள் மிட்டாய் கேட்டுப் போனால் சிறை என்றே சட்டம் இருந்தது. 2019-இல் வயதை 14 ஆக்கி, சிறையை எடுத்துவிட்டார்கள். நான் எல்லோருக்கும் கொடுக்கிறேன். பதினைந்து வயதில் அன்று மாலை மிட்டாய் கேட்டு வருகிறவன் வேறு எங்கேயும் போகாமல் இங்கே வந்தானே என்று நினைத்துக்கொள்வேன். சிலருக்கு வளர்ச்சி மட்டும் முந்திவிடும், முகத்தைப் பார்த்து வயதைச் சொல்ல முடியாது.

மழை, புயல் என்றால் தள்ளிப்போடுவார்களா என்றும் கேள்வி. 2012-இல் சாண்டி புயல் அக்டோபர் 29 அடித்தது, மின்கம்பி எல்லாம் தெருவில். ஆளுநர் கிறிஸ் கிறிஸ்டி உத்தரவே போட்டு நியூ ஜெர்சியின் ஹாலோவீனை நவம்பர் 5-க்கு மாற்றினார். பண்டிகையை அரசாணையில் நகர்த்தியதைப் பக்கத்து வீட்டுக்காரர் இன்னும் சொல்லிச் சிரிக்கிறார்.

மிஞ்சிய மிட்டாய்: சில பல் மருத்துவர்கள் வாங்கிக்கொண்டு ராணுவத்தினருக்கு அனுப்புகிறார்கள், விசாரித்துப் பாருங்கள். எங்கள் வீட்டில் இரவு பதினொரு மணிக்கு அது தானாகக் குறைகிறது, யாரும் ஒத்துக்கொள்வதில்லை.

2025 அக்டோபர் 27

ஒரு வருடம் கழித்து யாரோ இதைக் கிளப்பியிருக்கிறார்கள். கேள்வி கேட்டவர் போன வருடம் நாலு வீடு போய்விட்டு வந்து வாசலில் உட்கார்ந்ததாக எழுதியிருக்கிறார், நல்லது.

'ஏழு வயதுப் பையன் நண்பர்களோடு தனியாகப் போகணும் என்கிறான், விடலாமா?' எங்கள் வீட்டிலும் இதே வழக்கு இந்த வாரம் நடக்கிறது. 12 வயது வரை பெரியவர் ஒருவர் கூட இருக்கணும் என்று குழந்தைப் பாதுகாப்பு அமைப்புகள் சொல்கின்றன, நானும் அந்தக் கட்சி. பெரியவனோடு இப்படிப் பேசி முடித்திருக்கிறோம்: நான் வருவேன், ஆனால் வாசற்படி ஏற மாட்டேன், நடைபாதையிலேயே நிற்பேன், நண்பர்கள் முன்னால் அவனைச் செல்லப்பெயர் சொல்லிக் கூப்பிட மாட்டேன். பதிலுக்கு அவன் முனையில் நிற்பான், கடக்கும்போது என் கையைப் பிடிப்பான். கையைப் பிடிப்பதை மட்டும் இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை. சட்டை முனை என்று பேரம் பேசிக்கொண்டிருக்கிறான்.

சின்னவள் இந்த வருடம் குப்பை லாரி. அதே பெட்டிதான், சக்கரத்தை மட்டும் புதிதாக ஒட்டணும்.